மாப்பிள்ளைக்குச் சேராத செடி

மாப்பிள்ளைப் பையன் சட்டையைக் கழற்றிவிட்டு நாணிக் கோணி நின்றான். வலது கன்னத்திலும் கழுத்திலும் இரண்டு முன்னங்கைகளின் உட்புறத்திலும் சிவப்புச் சிவப்பாய் வட்டங்கள். பட்டன் கடையில் உருண்டு எழுந்து வந்தவன் மாதிரி இருந்தான். தோல் டாக்டர் மிதுனாவுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு தாய்மார்கள் நடுவில் நிற்கிறவனைப் பார்த்துச் சிரிப்பது பாவம் என்று அடக்கிக்கொண்டாள்.

“நல்லாப் பாருங்க டாக்டரம்மா,” என்றாள் பையனைப் பெற்ற ஜோஷிகா அம்மாள். “தேக்குக் கட்ட மாதிரி இருந்த பையனுங். இவங்க ஊட்டுக்கு மூணு தடவ போனான். மூணு தடவையும் இந்தக் கோலத்துலதான் திரும்பி வந்தான்.”

“எங்க ஊட்டுல மாப்பிள்ள சாப்பிட்டது பணியாரமுங்,” என்றாள் பெண்ணைப் பெற்ற தன்யஸ்ரீ அம்மாள். “பணியாரம் தின்னா வட்டம் வட்டமா வரும்னா, நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல.”

“பணியாரத்த யாரு சொன்னா? உங்க செடியச் சொல்றேன்.”

செடி என்ற சொல் விழுந்ததும் தன்யஸ்ரீ அம்மாளின் கண்ணில் குபுக்கென்று நீர் கட்டியது.

கோயம்புத்தூரில் அப்போது ஜோஷிகாக்களும் தன்யஸ்ரீக்களும் பேரன் பேத்தி எடுக்கிற வயதுக்கு வந்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் பொன்னுச்சாமி, மரகதம் என்று நாகரிகமாகப் பெயர் வைத்திருந்தார்கள். பெயரோடு ஆளுக்கொரு துணைச்செடியும் வைத்திருந்தார்கள். குழந்தை பிறந்த மூன்றாம் நாள் அதன் வியர்வையை ஒரு துளி எடுத்து ஒரு நாற்றின் அணுக்களில் ஏற்றிவிடுவார்கள். அதன்பிறகு அந்தச் செடிக்கு அந்த ஒரு உடம்பின் வாசனை அத்துப்படி. அந்த ஆளுக்குக் கோபம் வந்தால் இதமான மணம் விடும். காய்ச்சல் வருமுன் இலையைத் தொங்கப்போடும். அது அசல் துணைச்செடிதான் என்பதற்கு அடையாளமாக ஒவ்வொரு இலையின் காம்பருகிலும் மிளகளவு சிவப்புப் பொட்டு ஒன்று இருக்கும். அப்படியே பிறக்கும்.

கல்யாணம் என்று வந்தால் பெண்ணோடு செடியும் புகுந்த வீட்டுக்குப் போகும். ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் பார்த்து முடித்தபின் பதினோராவதாகச் செடிப் பொருத்தம் பார்ப்பார்கள். அங்கேதான் இந்தச் சம்பந்தம் இடித்துக்கொண்டு நின்றது.

“சேராத செடின்னா என்ன செய்யறதுன்னு சட்டம் இருக்குதல்லங்?” என்றாள் ஜோஷிகா அம்மாள்.

“இருக்கு. அரசாங்க நாற்றங்காலுக்கு அனுப்பிரணும். திரும்ப வாங்க முடியாது,” என்றாள் மிதுனா.

“அப்ப அனுப்பச் சொல்லுங்க.”

“அது இல்லாம என்ற மக தூங்க மாட்டாளுங்,” தன்யஸ்ரீ அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “இருபத்தாறு வருசமா அதுகூடவே இருக்கறா. செடியப் பிரிச்சவங்க வருசக்கணக்குல பித்துப் பிடிச்ச மாதிரி திரியறத நீங்களே பாத்திருப்பீங்க டாக்டர். மக வேணுமா மாப்பிள்ள வேணுமான்னா நான் என்னத்தச் சொல்லுவேன்?”

மிதுனா பார்த்திருந்தாள். செடியைப் பிரிந்தவர்களில் பாதிப் பேர் அவளிடம்தான் வருவார்கள், உடம்பெல்லாம் சொறிந்துகொண்டு. மேசைமேல் கிடந்த செடிப் பொருத்தப் படிவத்தைப் பார்த்தாள். அதில் ஒரே ஒரு கேள்விதான். இச்செடியால் மேற்படி நபருக்கு ஒவ்வாமை உண்டா? உண்டு, இல்லை. கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

“உங்களுக்கு என்ன தோணுது தம்பி?” என்று பையனைக் கேட்டாள்.

“எனக்கு அரிக்குதுங்க,” என்றான் பொன்னுச்சாமி. செயற்கை மழை அலுவலகத்தில் மேகங்களை ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு போகிற வேலை அவனுக்கு. ஆள் பேச்சிலும் மேகம் போல மெதுவாகத்தான் நகர்வான். “ஆனா மரகதத்தையும் விட மாட்டேன். அதோட செடியையும் விடச் சொல்ல மாட்டேன். அரிச்சா அரிச்சுட்டுப் போகுதுங்க.”

“வாய மூடுடா,” என்றாள் ஜோஷிகா அம்மாள்.

மிதுனாவுக்கு ஒன்று உறுத்தியது. செடிப்பால் பட்டு வருகிற தடிப்பை அவள் ஆயிரம் பார்த்திருக்கிறாள். இலை உரசிய இடத்தில் கோடு கோடாக இழுத்துக்கொண்டு வரும். வட்டமாக வந்து அவள் பார்த்ததில்லை. அதுவும் உள்ளங்கையில் ஒன்றுமே இல்லை. செடியைத் தொடுகிறவன் கையால்தானே தொடுவான்? கன்னத்தாலா தொடுவான்?

மறுநாள் காலை பொன்னுச்சாமியையும் கூட்டிக்கொண்டு அவளே பெண் வீட்டுக்குப் போனாள்.

குட்டிம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள் செடிக்கு. மணி பிளான்ட் வகை. கூடத்தின் ஒரு மூலையில் ஆளுயரக் கம்பத்தைச் சுற்றி ஏறி, அங்கிருந்து ஜன்னலுக்குத் தாவி, குடும்பப் படங்களுக்கு மேலாகப் பந்தல் போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றிய பிள்ளை மாதிரி இலையெல்லாம் பளபளவென்று இருந்தது. ஒவ்வொன்றிலும் அழகாக ஒரு சிவப்புப் பொட்டு.

“தம்பி, அன்னிக்கு வந்தப்ப இதுகிட்ட என்ன செஞ்சீங்களோ, அதை இப்ப செஞ்சு காட்டுங்க,” என்றாள் மிதுனா.

“நான் ஒண்ணும் செய்யலீங்க.”

“சட்டையைக் கழட்டச் சொல்லவா?”

பொன்னுச்சாமி சுற்றுமுற்றும் பார்த்தான். சமையலறை வாசலில் மரகதம் கையில் காப்பித் தட்டோடு நின்றிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பார்வையாலேயே வகுப்பை அடக்குகிறவள். அவளைப் பார்த்ததும் அவன் காது வரை சிவந்தான். பிறகு கம்பத்தருகே போய், இரண்டு கையாலும் செடியைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு, வலது கன்னத்தை இலைக்கூட்டத்தில் புதைத்து, “குட்டிம்மா, நல்லா இருக்கியா?” என்றான்.

காப்பித் தட்டு கிடுகிடுவென்று ஆடியது. மரகதம் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தாள்.

“புது ஆளோட வாசனை பழகோணும்னா கட்டிப் பிடிக்கோணும்னு புஸ்தகத்துல போட்டிருந்துச்சுங்க,” என்றான் அவன் இலைக்குள்ளிருந்து. “யாரும் இல்லாதப்ப செய்வேன். மூணு நாளும் கா மணி நேரம்.”

கன்னத்துக்கும் உட்கைக்கும் விடை கிடைத்துவிட்டது. வட்டத்துக்கு இன்னும் கிடைக்கவில்லை. மிதுனா கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் மாதிரி எடுத்தாள். பழைய இலை, தண்டு, மண், தொட்டியின் சாயம். கம்பத்தின் பின்பக்கம் அன்று காலைதான் விரிந்திருந்த தளிர் ஒன்றையும் கிள்ளிக்கொண்டாள்.

அன்றே பொன்னுச்சாமியின் முதுகில் எட்டுச் சதுரங்களாக ஒட்டுப் போட்டாள். ஒவ்வொரு சதுரத்துக்கும் ஓர் எண். இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படக்கூடாது, சொறியக்கூடாது, சாயக்கூடாது என்றாள்.

“நிமிந்து உக்காந்தேதான் தூங்கோணுமுங்களா?”

“குப்புறப் படுங்க தம்பி. தூங்காம உக்காந்திருக்கறதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம்.”

இரண்டு நாள் கழித்து ஒட்டைப் பிரித்தாள். மண்ணுக்கு ஒன்றுமில்லை, தண்டுக்கு ஒன்றுமில்லை. மூன்றாம் எண்ணில், பழைய இலை வைத்த இடத்தில், இலை முழுக்க அல்ல, காம்பருகே மிளகளவு வட்டமாக வீங்கியிருந்தது. ஐந்தாம் எண்ணில், தளிர் வைத்த இடத்தில், தோல் குழந்தையின் கன்னம் போல இருந்தது.

மிதுனா தளிரைச் சாமணத்தால் எடுத்து விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் பொட்டு இல்லை.

துணைச்செடியின் தளிர் பொட்டோடுதான் விரியும். இருபது வருஷத்தில் பொட்டில்லாத தளிரை அவள் கண்டதே இல்லை. பழைய இலையை எடுத்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் பொட்டை ஒரு தேய்ப்புத் தேய்த்தாள்.

பஞ்சு சிவந்தது. இலையில் பொட்டைக் காணோம்.

தன்யஸ்ரீ அம்மாளை மட்டும் தனியாக வரச் சொன்னாள். அந்த அம்மாள் உள்ளே வந்து, மேசைமேல் இருந்த சிவப்புப் பஞ்சைப் பார்த்து, நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“செத்துப் போச்சுங் டாக்டர்,” என்றாள். “மரகதத்துக்கு அப்ப ரெண்டு வயசு. அசல் செடி. தண்ணி ஊத்தோணும்னாங்க, ஊத்தினேன். பாசம் ஜாஸ்தியாகி ராத்திரி பகல் ஊத்தினேன். அழுகிப்போச்சு. அவங்கப்பாவுக்குக்கூடச் சொல்லலைங். சந்தைக்குப் போயி, அதே சைஸ்ல ஒரு செடி வாங்கிட்டு வந்து வெச்சேன். அதுக்குப் பொட்டு இல்லையல்லங்? அதனால வெள்ளிக்கிழமையானா எண்ணெய் தேய்ச்சு ஊத்தறேன்னு கதவச் சாத்திட்டு, குங்குமத்தக் குழைச்சு ஒவ்வொரு எலைக்கா...”

“இருபத்து நாலு வருஷமாவா?”

“முன்னூத்திப் பன்னெண்டு எலைங் இப்ப.”

“இத்தனை நாளா யாருக்கும் அரிக்கலையே?”

“மூணு மாசத்துக்கு முன்னால குங்குமத்த மாத்தினேனுங். புதுசா ஒண்ணு வந்துச்சு. நூறு நாள் அழியாதுன்னு டப்பாவுல போட்டிருந்தான்.”

“அழியாமத்தான் இருக்கு. உங்க மாப்பிள்ளை கன்னத்துல.”

தன்யஸ்ரீ அம்மாள் அழுகையும் சிரிப்புமாக மூக்கைச் சிந்தினாள். பிறகு சட்டென்று கையைக் கூப்பினாள். “மரகதத்துக்குத் தெரியக் கூடாதுங். அந்தச் செடி விடற வாசத்துலதான் தூக்கம் வருதுங்கறா. பரீட்சைன்னா அதுக்குக் கீழதான் உக்காந்து படிப்பா. அது வெறும் சந்தைச் செடின்னு தெரிஞ்சா எம் பொண்ணு ஒடஞ்சு போயிருவா.”

நோயாளி வீட்டார் சொல்வதை வெளியே விடக் கூடாது என்பது டாக்டர் படிப்பில் முதல் பாடம். மிதுனா தலையாட்டினாள். ஆனால் ஒரு சிக்கல் பாக்கியிருந்தது. பொட்டை வைத்தால் மாப்பிள்ளைக்கு அரிக்கும். வைக்காவிட்டால் குட்டு உடையும். ஆகவே அரிக்காத சிவப்பு ஒன்று வேண்டும்.

மறுபடியும் பொன்னுச்சாமியைக் குப்புறப் படுக்க வைத்தாள். இந்தத் தடவை பீட்ரூட் சாறு, மாதுளைச் சாறு, மருதாணி, செம்மண், கடைசியாக மஞ்சளும் எலுமிச்சைச் சாறும் வெங்காரமும் படிகாரமும் சேர்த்து அவளே வீட்டில் இடித்த குங்குமம்.

“டாக்டருங்க,” என்றான் அவன் தலையணைக்குள்ளிருந்து. “என்ற முதுகுல பொரியல் ஏதாச்சும் வெக்கிறீங்களா?”

“பேசாம இருங்க தம்பி. பரிசோதனை.”

“எல்லாமே செகப்பா இருக்குதுங்க.”

மிதுனாவின் கை நின்றது.

அவன் திரும்பிப் பார்க்காமலே மெல்லப் பேசினான். “எனக்குத் தெரியுமுங்க. மொதல் நாள் கட்டிப் பிடிச்சப்பவே சட்டையெல்லாம் செகப்பாயிருச்சு. அசல் பொட்டுன்னா ஒட்டாதல்லங்க? அம்மா பாக்கறதுக்குள்ள நானே தொவச்சுப் போட்டேன்.”

“அப்புறம் எதுக்குத் திரும்ப ரெண்டு தடவை கட்டிப் பிடிச்சீங்க?”

“நான் கட்டிப் பிடிக்கறத அத்தை ஒளிஞ்சு நின்னு பாத்துட்டாங்க. மொகத்துல அப்படியொரு சந்தோசம். அடுத்த தடவ நான் செடிப் பக்கம் போகலைன்னா, கண்டுபிடிச்சுட்டேன்னு நெனச்சுப் பயந்துக்குவாங்களேன்னு...” அவன் சொறிய முதுகுக்குக் கொண்டுபோன கையை மிதுனா தட்டிவிட்டாள். “அரிச்சா களிம்பு போட்டுக்கலாமுங்க. அத்தை மொகம் வாடிப்போச்சுன்னா அதுக்கு என்னங்க போடறது? மரகதத்துக்குத் தெரியாது. சொல்லிராதீங்க.”

மிதுனா அந்த முதுகைப் பார்த்தாள். சாறும் மண்ணுமாகக் கோலம் போட்ட முதுகு. பெண்ணைக் கொடுப்பதென்றால் இப்படி ஒரு முதுகுக்காரனுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது.

அன்று மாலையே மரகதம் வந்துவிட்டாள், பள்ளிக்கூடப் பையோடு, நேராக.

“டாக்டர், ரெண்டாவது டெஸ்ட் எதுக்கு?”

“சும்மா, உறுதிப்படுத்திக்கலாம்னு.”

“மாதுளைச் சாறு வெச்சீங்களாம். செடி அலர்ஜிக்கு எதுக்கு மாதுளை?” கணக்கு டீச்சர் விரலை மடக்கினாள். “நான் கேக்கறேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. அம்மா பொட்டு வெக்கறது உங்களுக்குத் தெரிஞ்சுருச்சு. சரிங்களா?”

“உனக்கு எப்பத் தெரியும்?”

“ஏழாங்கிளாஸ் படிக்கறப்ப. வெள்ளிக்கிழம பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டாச்சு. ஜன்னல் வழியாப் பாத்தேன். அம்மா ஒவ்வொரு எலையா மடியில வெச்சு, நாக்க கடிச்சுட்டு, பொட்டு வெச்சுட்டிருந்தாங்க. நடுவுல கண்ணத் தொடச்சுக்குவாங்க.” அவள் பையை இறக்கி மேசைமேல் வைத்தாள். “மொதல்ல எனக்குக் கோவம் வந்துச்சு டாக்டர். என்னோட செடி எங்கேன்னு கேக்கோணும்போல இருந்துச்சு. ஆனா அன்னிக்கு ராத்திரியும் அந்தச் செடிக்குக் கீழ படுத்தா உடனே தூக்கம் வந்துருச்சு.”

“மணம் வர்றதுக்கு வழியே இல்லையேம்மா. அது சாதாரணச் செடி.”

“நல்லெண்ணெய் வாசம் வரும். அம்மா கை வாசம். அது போதுமே.” பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். “அம்மாகிட்டச் சொல்லிராதீங்க. அவருக்கும் தெரிய வேண்டாம். பாவம், செடிய அவ்வளவு நம்பறாரு.”

அவள் போனபிறகு மிதுனா, அசல் செடி வைத்திருந்தும் தூக்கமில்லாமல் தன்னிடம் வந்த ஆட்களையெல்லாம் நினைத்துப் பார்த்தாள். பிறகு படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டாள். இச்செடியால் மேற்படி நபருக்கு ஒவ்வாமை உண்டா? ‘இல்லை’ என்பதற்கு எதிரே அழுத்தமாக ஒரு குறி போட்டுக் கையெழுத்திட்டாள். பொய்யே இல்லை. செடியால் ஒன்றுமே இல்லைதான். குங்குமத்தைப் பற்றி அந்தப் படிவத்தில் யாரும் கேட்கவில்லை.

ஜோஷிகா அம்மாளிடம், “பொண்ணு வீட்டுல வெச்சிருந்த கடைக் குங்குமம்தான் உங்க பையனுக்குச் சேரலை. வீட்டுல இடிச்சதுன்னா ஒண்ணும் செய்யாது,” என்றாள். அதுவும் உண்மைதான். முதுகில் வீட்டுக் குங்குமம் வைத்த இடம் மட்டுமே சுத்தமாக இருந்தது. செம்மண் கொஞ்சம் உறுத்தியது, மாதுளை எறும்பைக் கூப்பிட்டது.

பெண்ணைப் பெற்றவளுக்குக் குங்குமம் இடிக்கிற பக்குவத்தை எழுதிக் கொடுத்தாள். கல்யாணத்துக்குப் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் மகளைப் பார்க்கிற சாக்கில் போய் வைத்துவிடுவதாக அந்த அம்மாள் சொன்னாள். அதே பக்குவத்தைப் பொன்னுச்சாமியும் வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனான். “அத்தைக்கு வர முடியாமப் போனா, நான் யாருக்கும் தெரியாம வெச்சிருவேனுங்க.” மரகதம் போனில் கேட்டு எழுதிக்கொண்டாள், எத்தனை கிராம் என்று சரியாக.

பன்னிரண்டாம் நாள் முகூர்த்தம். மாப்பிள்ளையின் கன்னம் பளிச்சென்று இருந்தது. குட்டிம்மாவுக்குப் பட்டுத் துணி சுற்றி, தனி வண்டியில் ஏற்றிப் புகுந்த வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆறு மாதம் கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை ஜோஷிகா அம்மாள் வீட்டில் மிதுனாவை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மரகதம் முழுகாமல் இருந்தாள். வாசலில் காலை வைத்தபோதே தன்யஸ்ரீ அம்மாள் ஓடிவந்து கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள்.

“டாக்டர், அதிசயத்தக் கேளுங்க! செடிக்குத் தானாவே பொட்டு வருதுங்! நடுவுல ஒரு வாரம் நான் வர முடியலைங், அப்பருந்து நான் வெச்சதுக்குப் பக்கத்துலயே ஒண்ணு முளைக்குது! சாமி கண்ணத் தொறந்துட்டாரு!”

“ஓ,” என்றாள் மிதுனா.

“இருந்தாலும் திடீர்னு நிறுத்தினா வித்தியாசம் தெரியுமில்லையா. அதனால நான் என்ற பொட்டையும் வெச்சுட்டுத்தான் வர்றேன்.”

காப்பி கொண்டுவந்த பொன்னுச்சாமி குனிந்து இதையே சொன்னான். சாமிக்குப் பதில் விஞ்ஞானத்தைச் சொன்னான். பாயசம் கொண்டுவந்த மரகதம், “எனக்கே ஒண்ணும் புரியலை டாக்டர், கணக்கு ஒதைக்குது,” என்றாள். மூவரும் தங்கள் பொட்டை மட்டும் நிறுத்தவில்லை.

பல பொட்டுச் செடி வந்த வீடு என்று தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது. தாவரப் பதிவு அலுவலகத்திலிருந்துகூட ஒருவர் வந்து, இது புது ரகமாக இருக்கலாம் என்று படம் எடுத்துக்கொண்டு போனாராம். மிதுனா பாயசக் கிண்ணத்தோடு கம்பத்தருகே போய் நின்றாள். ஒன்று, முற்றின மிளகு மாதிரி பெரிசாக, தன்யஸ்ரீ அம்மாள் வைத்தது. இன்னொன்று கொஞ்சம் கோணலாக, மேகக்காரன் வைத்தது. மூன்றாவது, காம்பிலிருந்து அளந்து வைத்தது போல நேர்த்தியாக, டீச்சருடையது. மிதுனா தனக்குள் சிரித்துக்கொண்டு அடுத்த இலையைத் தூக்கிப் பார்த்தாள். அங்கும் மூன்று. அதற்குக் கீழே, தயங்கித் தயங்கி வைத்தது போல, எள்ளளவில் நான்காவது ஒன்று.

பக்கத்து இலையைப் பார்த்தாள். அதிலும் நான்கு.

“டாக்டரம்மா.”

ஜோஷிகா அம்மாள் பின்னால் நின்றிருந்தாள். சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். கூடத்துக் கதவை ஓசைப்படாமல் சாத்தினாள். மருமகள் வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் எவ்வளவு சந்தோஷம் என்று என்னவோ ஆரம்பித்து, நடுவில் விட்டுவிட்டு, வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். மறைக்குமுன் மிதுனா பார்த்துவிட்டாள். மோதிர விரல் நுனி சிவந்திருந்தது.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்,” என்றாள் அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தி. “இவங்க மூணு பேருக்கும் தெரியவே கூடாது.”

மிதுனா பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்கம்மா,” என்றாள். “சொல்லுங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”